இடது கைப்பக்கம் கடல்

போன மாதம் பிரான்சிலிருந்து என் அண்ணன் பேரன் வாட்ஸப்பில் செய்தி அனுப்பியிருந்தான். பிரெஞ்சில்தான் எழுதுவான். தமிழ் அவனுக்குக் காதில் விழுந்தால் புரியும், வாயில் வராது. வருகிற பிப்ரவரியில் புதுச்சேரிக்கு வருகிறானாம். ஒரு புல்லட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு காரைக்கால் வரை போக வேண்டுமாம். "சின்னத் தாத்தா, இடது கைப்பக்கம் கடல் தெரிந்துகொண்டே வருகிற மாதிரி ஒரு சாலையாகப் பார்த்துத் திட்டம் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தான். அதோடு விட்டிருந்தால் நானும் நாலு வரியில் பதில் போட்டு முடித்திருப்பேன். கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது. "காரைக்கால் பக்கத்தில்தான், மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார்."

அண்ணன் தவறிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த மூன்று மணி நேரக் கணக்கு எனக்கும் அவருக்கும் நடுவில் நாற்பத்தைந்து வருஷம் கிடந்த கணக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முப்பத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் புத்தி எங்கே போகும்? ஒரு பழைய அட்டையை எடுத்து, நூல் கோத்து, மேலே "கடலோரப் பயணம்" என்று எழுதிக் கோப்பு திறந்துவிட்டேன். பழைய வரைபடம் ஒன்றையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேரன் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவன் இருப்பது தூலோன் பக்கம். அங்கே சேன் ரஃபாயேலிலிருந்து கான் போகும் வழியில் மலையைக் குடைந்து கடலுக்கு மேலேயே ஒரு சாலை போட்டிருக்கிறார்கள். 1903-இல் திறந்தது. 'பொன் கோர்னிஷ்' என்று பெயர். சிவப்புப் பாறை, கீழே நீலக் கடல், ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்கலாம். நம் சோழமண்டலக் கரையிலும் அப்படி ஒன்று இருக்கும் என்று பிள்ளை நினைத்துவிட்டான்.

இல்லை என்பதுதான் பதில். ஏன் இல்லை என்று சொல்லப் போனால் முந்நூறு நானூறு வருஷக் கதை வருகிறது.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். பூகோள வகுப்பில் சேன், லுவார், கரோன், ரோன் என்று நாலு நதியையும் மூச்சு விடாமல் ஒப்பிக்க வேண்டும். எந்த மலையில் பிறக்கிறது, எந்தெந்த ஊர் வழியாக ஓடுகிறது, எங்கே கடலில் விழுகிறது எல்லாம் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். ஆனால் எங்கள் வீட்டுக்கு இரண்டு மைலில் ஓடுகிற அரியாங்குப்பத்து ஆறு எங்கிருந்து வருகிறது என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. கெடிலம், வெள்ளாறு, அரசலாறு இதெல்லாம் நதி என்றே எனக்குத் தோன்றியதில்லை. காரைக்காலுக்கு மாற்றல் உத்தரவு வந்து, பழைய ராஜ்தூத் ஒன்றை வாங்கி ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் இந்த ஆறுகளைப் படித்தேன். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிற வண்டி. கறுப்புப் புகையை விட்டுக்கொண்டு மாதம் ஒரு தடவை புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் அலைந்தேன்.

வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். புதுச்சேரியிலிருந்து காரைக்கால் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். வடக்கிலிருந்து தெற்கே அரியாங்குப்பத்து ஆறு, தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி, நண்டலாறு, அரசலாறு என்று வரிசையாக வந்து கடலில் விழுகின்றன. நடுவில் வாய்க்காலும் உப்பங்கழியும் எத்தனையோ. கடலை நெருங்க நெருங்க ஆறு அகன்று, சேறாகி, மணல் திட்டு விழுந்து, மழைக்காலத்தில் ஒரு பக்கம் திறந்து கோடையில் இன்னொரு பக்கம் மூடிக்கொள்ளும். அங்கே பழைய காலத்தில் யார் பாலம் கட்டுவது? ஆகவே சாலை ஒவ்வொரு ஆற்றுக்கும் உள்ளே தள்ளிப் போய், கரை கெட்டியாக இருக்கிற இடத்தில் தாண்டும். கடலோரச் சாலை என்று பெயர்தான். வண்டியில் போகிறவனுக்குத் தெரிவது சவுக்குத் தோப்பும் வயலும்தான்.

ஆனால் சாலையை உள்ளே தள்ளிய அதே முகத்துவாரங்கள்தான் கப்பல்காரனை இழுத்தன. பெரிய கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை ஏற்றி இறக்கச் சலங்கு என்கிற படகு போய் வரும். பலகையைக் கயிற்றால் தைத்த படகு அது, ஆணி கிடையாது. அலை அடித்தாலும் உடையாமல் நெளிந்து கொடுக்கும். இந்தச் சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஷெலேங்' என்று எடுத்துக்கொண்டார்கள். ஆற்று வாய்க்குள் நுழைந்துவிட்டால் படகுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். ஆற்றோரமாகவே உள்ளே போனால் நெசவு ஊர்கள், நெல் விளைகிற ஊர்கள். வெள்ளைக்காரன் வந்தது துணிக்கு. அதனால் ஆற்றுக்கு ஒரு கொடி என்று ஆகிப்போனது. நான் பேரனுக்குப் போட்ட திட்டமும் இந்த ஆறுகளின் வரிசையில்தான்.

முதலில் முள்ளோடை வரை நம் எல்லை. நான் குழந்தையாக இருந்தபோது எல்லையில் சுங்கச் சாவடி இருந்தது. கடலூருக்குப் போய் வருகிற பெண்கள் கூடையைக் கொட்டிக் காட்ட வேண்டும் என்று அம்மா சொல்வார். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டு, அதில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்று சொல்ல, நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கை மாறியது. எனக்கு அப்போது நாலு வயசு. ஆனால் சட்டப்படி கை மாறியது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அன்றையிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. அண்ணனுக்கு 21 வயசு, எனக்கு 12. அப்பாவோடு நானும் இந்தியன். அண்ணன் சொல்தாவாகச் சேர்ந்து கப்பல் ஏறினார். அன்றைக்கு அப்பா திண்ணையை விட்டு இறங்கவில்லை. இரண்டு பேரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. பேச்சுதான் குறைந்துபோனது.

முள்ளோடை தாண்டி தென்பெண்ணைப் பாலம், பிறகு கடலூர். இங்கே தேவனாம்பட்டினத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். முதல் தடவையாக இங்கேதான் கடல் தெரியும். புனித டேவிட் கோட்டை இருந்த இடமும் இதுதான். 1690-இல் ஆங்கிலேயர்கள் இந்தக் கோட்டையை மராட்டியர்களிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்கு ஒரு விசித்திரமான கணக்கு: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவும் வாங்கியவனுக்கு. சும்மா இருப்பார்களா? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து சுட்டார்கள். குண்டு விழுந்த வட்டத்துக்குள் இருந்த ஊர்களெல்லாம் கும்பினிக்குப் போயின. குண்டு உப்பலவாடி என்று அங்கே இன்றைக்கும் ஊர் இருக்கிறது. நில அளவைத் துறையில் வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "சங்கிலி பிடிப்பதைவிட அது சுலபம்" என்றார்.

பள்ளியில் எங்களுக்கு இந்தக் கோட்டையைப் பற்றிச் சொன்ன பாடம் வேறு. 1758-இல் லாலி பிரபு இதைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார் என்று வாத்தியார் சொல்லும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும். 1761-இல் ஆங்கிலேயர்கள் வந்து புதுச்சேரியை அதே மாதிரி இடித்ததைச் சொல்லும்போது குனிந்துகொள்வோம். கடலூரிலும் புதுச்சேரியிலும் இடிந்த வீடுகளுக்குள் இருந்தவர்கள் ஒரே பாஷை பேசுகிற ஜனங்கள், சம்பந்தம் செய்துகொள்கிற ஜனங்கள் என்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவம் லாலி, அவரையும் பாரீசில் 1766-இல் தலையை வெட்டிவிட்டார்கள்.

கடலூர் முதுநகர் தாண்டிய பிறகு ரசாயன ஆலைகளின் வாசனையில் கொஞ்ச தூரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். புதுச்சத்திரம் தாண்டி, பு.முட்லூரில் இடது பக்கம் திரும்பினால் பரங்கிப்பேட்டை, வெள்ளாற்று வாய். போர்ச்சுக்கீசியர்கள் இதற்குப் 'புதுத் துறைமுகம்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் ஊரை நடத்தியவர்கள் மரக்காயர்கள். 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதியது இங்கேதான். ஹைதர் தோற்றார். 1830 வாக்கில் சேலத்து இரும்புக் கல்லைக் கொண்டுவந்து உருக்க ஒரு ஆலையும் இங்கே போட்டுப் பார்த்தார்கள். இப்போது பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் இருக்கிறது. பேரனுக்கு மீன் பிடிக்கும் என்றால் போகட்டும். இங்கிருந்து தெற்கே கொள்ளிடம் வரை கடலோரம் என்று ஒன்று கிடையாது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுதான். அங்கே படகு ஓடும், புல்லட் ஓடாது.

ஆகவே சிதம்பரம், வல்லம்படுகை, கொள்ளிடம் பாலம். நான் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது.

1977 நவம்பர் 12-ஆம் தேதி நாகப்பட்டினத்தில் புயல் கரை ஏறியது. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு வருஷம் சொன்னாலே போதும். நான் காரைக்காலில் ஓட்டு வீட்டில் குடியிருந்தேன். ராத்திரி ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறக்க, மனைவியும் இரண்டு வயசுப் பெண்ணும் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். விடிந்தபோது தெருவில் தந்திக் கம்பங்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன. ஆபீசில் நனைந்த கோப்புகளை வெயிலில் காயப்போட்டு, நிவாரணக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தோம். 19-ஆம் தேதி சாயங்காலம் தந்தி வந்தது. அப்பா 14-ஆம் தேதியே போய்விட்டார்.

ரயில் ஓடுகிறதா என்று சொல்ல ஆள் இல்லை. மறுநாள் விடியற்காலை ராஜ்தூத்தை எடுத்தேன். புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தன. சில இடத்தில் கிளையை வெட்டி வழி செய்திருந்தார்கள். சில இடத்தில் நானும் வழிப்போக்கர் இரண்டு பேருமாக வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தோம். சீர்காழி வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. கொள்ளிடத்துக்குப் பக்கத்தில் சாலை மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. லாரிகள் வரிசையாக நின்றன. இறங்காதே என்று டிரைவர்கள் தடுத்துவிட்டார்கள். அன்று ராத்திரி ஒரு லாரிக்கு அடியில் படுத்தேன். பக்கத்து ஊரிலிருந்து ஒரு அம்மாள் குண்டானில் கஞ்சி கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினார். அந்த முகம் இன்றும் நினைவில் இருக்கிறது, ஊர் எது என்று கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு தாண்டி, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது அப்பா போய் எட்டாம் நாள். பெரியப்பா மகன் கொள்ளி வைத்துவிட்டிருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரான்சுக்கு அடித்த தந்தி மறுநாளே அண்ணன் கைக்குப் போய்விட்டது. 130 கிலோமீட்டரில் இருந்த எனக்குத்தான் ஐந்து நாள். ஆனால் அண்ணன் எழுதிய கடிதத்தில், "நான் ஏழு கடல் தாண்டி இருக்கிறேன், என்னால் முடியவில்லை. நீ பக்கத்தில் இருந்துகொண்டு ஏன் போகவில்லை?" என்று ஒரு வரி இருந்தது. பதில் எழுதினேன். புயல், மரம், வெள்ளம் எல்லாம் எழுதினேன். அவர் நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் மனசில் இருந்த தேசப்படம் வேறு. பள்ளிச் சுவரில் மாட்டியிருந்த பிரெஞ்சிந்தியப் படத்தில் புதுச்சேரியும் காரைக்காலும் ஒரே நிறத்தில், ஒரே கரையில், விரல் அகலத்தில் இருக்கும். நடுவில் இருப்பதெல்லாம் வெறும் வெள்ளை. கப்பலில் போகிறவனுக்கு அது சரி. 1739-இல் துய்மா கவர்னராக இருந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைப் பிடித்துக்கொண்டது புதுச்சேரிக்கு அரிசி வேண்டுமென்று. கடல் வழியாகப் பார்த்தால் இரண்டும் அடுத்தடுத்த துறைகள்தான். கப்பல் போக்குவரத்து நின்று, நாங்கள் தரை வழியாக அலைய ஆரம்பித்தபோதுதான் அந்த வெள்ளைக்குள் எத்தனை ஆறு ஓடுகிறது என்று தெரிந்தது. அண்ணன் 1962-க்குப் பிறகு அந்தச் சாலையில் போகவே இல்லை. ஊருக்கு வந்த இரண்டு தடவையும் புதுச்சேரியோடு திரும்பிவிட்டார்.

சரி, திட்டத்துக்கு வருவோம். சீர்காழியிலிருந்து திருவெண்காடு வழியாகப் பூம்புகார். காவிரி கடலில் விழுகிற இடத்தைப் பார்த்துப் பேரன் ஏமாந்து போவான். கொள்ளிடம் தாண்டி வந்தவனுக்கு அது வாய்க்கால் மாதிரி இருக்கும். பிறகு தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கியதும், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்ததும் இங்கேதான். 1845-இல் டேனிஷ்காரர்கள் வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து இதையும் ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. நான் காரைக்காலில் இருந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு இங்கே வந்து உட்காருவோம். மொத்த வழியிலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான். இங்கிருந்து நண்டலாறு தாண்டினால் காரைக்கால், மறுபடியும் புதுச்சேரி மாநிலம். நம்பர் பலகை பி.ஒய். என்று ஆரம்பிக்கும். அடுத்த நாள் நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

கோப்பில் கடைசிப் பக்கத்தில் சில்லறைக் குறிப்புகள். பிப்ரவரியில் வருவது நல்லது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்தச் சாலைப் பக்கமே வரக் கூடாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் வண்டியைத் தொடக் கூடாது. வாடகை வண்டி மாநிலம் தாண்டலாமா என்று முன்னதாகவே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். புதுச்சேரியில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளலாம், பாட்டில் எதுவும் பையில் இருக்கக் கூடாது, எல்லையில் சோதிப்பார்கள். புதிதாகப் போட்டிருக்கிற நான்கு வழிச் சாலை சீக்கிரம் கொண்டுபோய் விடும். ஆனால் ஊர்களை விட்டு விலகிப் போகிறது, கடல் கண்ணிலேயே படாது. பழைய சாலையில் போ, இரண்டு நாள் எடுத்துக்கொள் என்று எழுதினேன். இடது கைப்பக்கம் கடல் எங்கெங்கே தெரியும் என்று வரைபடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். போகிற வழியில் மூன்று வட்டம்தான் விழுந்தது.

இதையெல்லாம் பிரெஞ்சில் எழுதி, 1977 கதையையும் சேர்த்து, நாலு பக்கம் போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. தாத்தாவின் பெட்டியில் என் பழைய கடிதங்கள் கட்டாக இருக்கின்றனவாம். தமிழில் இருப்பதால் யாரும் படிக்கவில்லையாம். வரும்போது கொண்டுவருகிறேன், நீங்கள் படித்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே, "நீங்களும் பின்னால் உட்கார்ந்து வருகிறீர்களா?" என்று ஒரு கேள்வி.

என் முழங்காலுக்கு 130 கிலோமீட்டர் ஆகாது. மகளிடம் சொன்னால் போனைப் பிடுங்கி வைத்துவிடுவாள். நான் பஸ்ஸில் சிதம்பரம் வந்து காத்திருப்பதாகவும், கொள்ளிடம் பாலத்தை மட்டும் அவன் பின்னால் உட்கார்ந்து தாண்டுவதாகவும், சீர்காழியில் இறங்கி மறுபடி பஸ் ஏறிவிடுவதாகவும் பதில் எழுதியிருக்கிறேன். இன்னொரு ஹெல்மெட்டுக்கு இப்போதே சொல்லி வைத்துவிடு என்றும் எழுதினேன்.